ஒரே திருச்சபை எதற்கு? முதலில் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் திறங்கள்

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். வருஷா வருஷம் அந்த வாரத்தில் பெங்களூரில் ஏதாவது ஓர் ஆலயத்தில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) ஃபாதரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயரும் லுத்தரன் போதகரும் கேரளத்து மார்த்தோமா சபையின் அச்சனும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எங்கள் லிங்கராஜபுரம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "எல்லாருக்கும் ஒரே ஆண்டவர்தானே, எல்லாச் சபையும் சேர்ந்து ஒன்றாகிவிட்டால் என்ன?" அதற்குக் கீழே ஆமென் மழை. நான் மட்டும் ஆமென் போடுவதில்லை. ஏன் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டதால் இந்த நீளப் பதிவு.

முதலில் ஒன்று. நம்மில் எத்தனை பேர் கொள்கை பார்த்துச் சபையைத் தேர்ந்தெடுத்தோம்? 19-ம் நூற்றாண்டில் மிஷன்கள் தமிழ்நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். திருநெல்வேலியில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியில் இரண்டு மிஷன்கள். மதுரையில் ஓர் அமெரிக்கன் மிஷன், ஆற்காட்டில் இன்னொரு அமெரிக்கன் மிஷன், தரங்கம்பாடி, தஞ்சாவூர் பக்கம் லுத்தரன்கள். தாத்தா எந்த ஊரோ, அந்த ஊருக்கு எந்த மிஷன் வெள்ளைக்காரர் வந்தாரோ, அதுதான் பேரன் பேத்திகளின் சபை. என் அம்மா வீடு லண்டன் மிஷன் வழி, அப்பா வீடு சி.எம்.எஸ். வழி. இரண்டு வீட்டிலும் அந்தச் சபைகளின் கொள்கைக்கு வழிவகுத்த கால்வினைப் படித்தவரும் இல்லை, கிரான்மரைக் கேள்விப்பட்டவரும் இல்லை.

இந்தக் கூத்தை நம்மவர்களே அன்றைக்கே கண்டுகொண்டார்கள். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியோடு, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஒரு அறிக்கை விட்டார்கள். அதற்கு முன்னால் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. முட்டுக்கட்டை எது தெரியுமா? பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா, செல்லாதா என்பதுதான். இருக்கிற போதகர்களை அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் வருகிறவர்களைப் பேராயர்கள் அபிஷேகம் செய்வது என்று ஒருவழியாக முடிவானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பேராயர் உள்ள ஆங்கிலிக்கன்களும் பேராயரே வேண்டாம் என்றிருந்த காங்கிரிகேஷனல்காரர்களும் ஒரே சபையானது அதுவரை உலகத்தில் எங்கும் நடக்காதது. வடக்கே 1970-ல் நாக்பூரில் பாப்டிஸ்ட்களையும் சேர்த்துக்கொண்டு வட இந்தியத் திருச்சபை வந்தது. அங்கே குழந்தை ஞானஸ்நானமும் செல்லும், வளர்ந்தபின் எடுப்பதும் செல்லும்.

பெரிய காரியம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றானபின் என்ன நடந்தது? பேராயர் தேர்தல், சொத்து, பள்ளி கல்லூரிப் பதவி, வழக்கு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சி.எஸ்.ஐ. சினாட் (சபையின் தலைமை மன்றம்) நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கும் அளவுக்குப் போனது. "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்று ஆண்டவர் ஜெபித்த வார்த்தையைத்தான் அந்தச் சபை தன் சின்னத்தில் வைத்திருக்கிறது. பிரிந்திருந்தால் சண்டை இருந்திருக்காது என்று சொல்லவில்லை. நிர்வாகம் பெரிதானால் நாற்காலியும் பெரிதாகிறது, அதற்கான அடிதடியும் பெரிதாகிறது. இதன்மேல் ஆர்.சி., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாவற்றையும் ஏற்றினால் அந்தத் தேர்தலை நடத்த தேர்தல் ஆணையம்தான் வர வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். "ஆர்.சி., சி.எஸ்.ஐ. தடையில்லை" என்று தாராளமாகப் போட்டிருக்கும். அதற்கு முந்தின வரியிலேயே சாதி இருக்கும், அதில் தடையில்லை என்ற பேச்சே இருக்காது. பெங்களூர் ஐ.டி. சம்பளம், கம்மனஹள்ளியில் சொந்த ஃபிளாட், வெளிநாட்டு வேலைக்கு விசா, எல்லாம் இருந்தாலும் அந்த வரி மாறாது. போன வருஷம் என் பெரியம்மா மகனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீடு ஆர்.சி. என்றதும் பெரியம்மா, "அதனால என்ன, மாதாவைக் கும்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார். அடுத்த கேள்வி, "ஆளுக யாரு?"

ஒரே போப், ஒரே பூசை என்று இருக்கிற கத்தோலிக்கத் திருச்சபையில் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் இருந்தது எப்படி? 1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரில் எத்தனை எதிர்ப்பு! பின்னால் ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்ததும், அங்கே சாதி விஷயத்தில் கெடுபிடி குறைவு என்று போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. சபை மாறலாம், சாதி மாறக் கூடாது. இதைத் தொடாமல் சபைகளை இணைப்பது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது.

எங்கள் பெங்களூரில் இன்னொன்றும் சேரும், மொழி. ஒரே ஆலயத்தில் தமிழ் ஆராதனை ஒரு நேரம், கன்னட ஆராதனை ஒரு நேரம், ஆங்கிலம் ஒரு நேரம். ஆர்.சி. மறைமாவட்டத்தில் பூசை எந்த மொழியில் என்று பல பத்தாண்டுகளாக மனஸ்தாபம். அதற்குள் போனால் பதிவு முடியாது.

ஆனால் சாதாரண சனங்களைப் பாருங்கள், அவர்கள் எப்போதோ ஒன்றாகிவிட்டார்கள். செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குக் காவிச் சேலை கட்டி வருகிறவர்களில் எங்கள் சி.எஸ்.ஐ. அத்தைமார் உண்டு, இந்துக்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா ஞாயிறு காலை சி.எஸ்.ஐ., சாயங்காலம் வாடகை ஹாலில் நடக்கும் பெந்தெகொஸ்தே கூட்டம், வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு. மூன்று இடத்திலும் காணிக்கை போடுகிறார். எந்தச் சினாடும் செய்யாத இணைப்பை அவர் பி.எம்.டி.சி. பஸ் பாஸை வைத்துக்கொண்டு செய்துவிட்டார். கொள்கைச் சண்டையும் பெரும்பாலும் தீர்ந்த கதைதான். மார்ட்டின் லூத்தர் எதற்காகக் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்தாரோ, அந்த விசுவாசத்தினால் நீதிமானாகும் விஷயத்தில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 2006-ல் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள். நம் ஊர்ப் பிரசங்க பீடத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்படியென்றால் சனங்களுக்கு எங்கேதான் இடிக்கிறது? சாவு வீட்டில் இடிக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி இறந்தார். கடைசிக் காலத்தில் ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும் ஒரு சின்னச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது, அடக்கத்துக்கு அவர்கள் தரும் கடிதம் எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் செல்லாது. மகன் ஒரு காலத்தில் வேறொரு சபையின் அங்கத்தினர் (பெயர் வேண்டாம்). அங்கே போய்க் கேட்டோம். கமிட்டிக்காரர் சந்தா நோட்டை எடுத்து விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "தம்பி, பேரு இருக்கு, ஆனா பாக்கி நிறைய இருக்கே." இங்கே வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி, தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி, சொந்தக்காரர்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்து காத்திருக்கிறார்கள். பாக்கியோடு இன்னும் ஏதேதோ நிதி சேர்த்துக் கட்டியபின் கடிதம் கைக்கு வந்தபோது இரவு ஒன்பது. ஃபாதர், ஆயர், அச்சன் எல்லாரும் சிரித்த அந்த ஜெப வாரப் படம் அப்போதும் என் போனில் இருந்தது.

எனக்கு ஒரே திருச்சபை வேண்டாம். ஆர்.சி. தன் பூசையோடு இருக்கட்டும், பெந்தெகொஸ்தே தன் அந்நியபாஷை ஜெபத்தோடு இருக்கட்டும், நாங்கள் எங்கள் ஞானப்பாட்டோடும் அசனம் என்ற சபை விருந்தோடும் இருக்கிறோம். கலப்புத் திருமணத்தில் ஆர்.சி. மருமகள் நற்கருணை வரிசைக்குப் போகும்போது அது கிடைக்காத சி.எஸ்.ஐ. மாமியார் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்துகிறதுதான், ஆனால் அது ரோமில் தீர வேண்டிய விஷயம். கல்லறை அப்படியில்லை, இங்கேயே தீர்க்கலாம். பெங்களூரில் இருக்கிற சபைகள் உட்கார்ந்து ஒரு பொதுக் கடிதம் தயார் செய்யட்டும். ஞானஸ்நானம் பெற்ற எவரையும் எந்தச் சபைக் கல்லறையிலும் அடக்கம் செய்யலாம், சந்தா பாக்கியைப் பிறகு பேசிக்கொள்ளலாம், சாதி பார்த்து இடம் ஒதுக்கக் கூடாது. இவ்வளவுதான். சினாட் தேவையில்லை, 28 வருஷமும் தேவையில்லை.

எங்கள் சபைக் கமிட்டித் தேர்தல் வருகிறது. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆலயத்துக்கு ஏ.சி. போடுவீர்களா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் இந்தக் கடிதத்தைக் கேட்கப் போகிறேன். உங்கள் சபையிலும் தேர்தல் என்றால் நீங்களும் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.