நரியை நரியாகவே பாருங்களேன்

காக்காவை ஏமாற்றும் நரியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் 'நரி வேட்டை' ஓவியத்தைப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். இங்கே துரத்துவது காக்கா, மாட்டிக்கொண்டது நரி. அமெரிக்காவில் மெய்ன் கடலோரம், கடுங்குளிர், நரியின் கால்கள் பனியில் புதைகின்றன, கரிய சிறகுகள் தலைக்கு மேலேயே வந்துவிட்டன, பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. தலைப்பிலேயே ஒரு நக்கல் இருக்கிறது. நரி வேட்டை என்றால் குதிரையும் நாய்களுமாக ஆட்கள் கிளம்புவதுதானே? படத்தில் ஆளே இல்லை.

1893-இல் இதை வரைந்தபோது ஹோமருக்கு 57 வயது. அது போதாதா, 'நரிதான் ஓவியர், காக்கைகள்தான் மரணம்' என்று பொருள் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் குறியீட்டு வேட்டை அலுத்துவிட்டது. முதலில் அந்தக் கால்களைப் பாருங்கள் சாமி. இளகிய பனியில் ஒவ்வொரு அடிக்கும் நரி தன் உடம்பையே இழுத்துக்கொண்டு போக வேண்டும், பறக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எப்போதும் நரிக்குக் கைகொடுக்கும் தரை இன்று கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான் விஷயம், அதுவே பயங்கரமாக இருக்கிறது.

ஹோமர் முதலில் வரைந்த காக்கைகளைப் பார்த்த உள்ளூர் ரயில் நிலைய அதிகாரி 'இது காக்காவே இல்லை' என்று சொல்லிவிட்டாராம். உடனே அழித்துவிட்டு, சோளம் போட்டு வரவழைத்த நிஜக் காக்கைகளைப் பார்த்து மறுபடி வரைந்திருக்கிறார். மரணத்துக்குச் சின்னம்தான் வேண்டுமென்றால் ஏதோ ஒரு கறுப்புப் பறவை போதுமே, இந்தப் பாடு எதற்கு?

சரி, ஓர் இடத்தில் நானும் தடுமாறினேன். கீழே இடது மூலையில் அவர் கையெழுத்து இருக்கிறது, அதன் எழுத்துகளும் பனிக்குள் இறங்குவது போலத்தான் இருக்கின்றன. அதைக் கவனித்த பிறகு, ஓவியருக்கும் நரிக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துப் பேச வாய் வரவில்லை.

ஆனாலும் நரி தன் முகத்தை நமக்குக் காட்டவில்லை. ஆங்கில ஓவியர் லாண்ட்சீயர் 1851-இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் கலைமான் ராஜா மாதிரி தலை நிமிர்ந்து நிற்கும், பார்க்கிறவர் தன் பெருமிதத்தை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். இந்த நரி அதற்கெல்லாம் நிற்காது, அதன் வேலை அதற்கு.

அப்புறம், பனியைத் துளைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிவப்புப் பழங்கள். ரத்தம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு அவை பழங்கள்தான். நரி அவற்றைத் தாண்டிப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்கிறேன்.