பேட்ச் போடுவதற்கும் ஒரு கட்டாய விதி வேண்டும்

லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (டெபியன், உபுண்டு போல லினக்ஸோடு மென்பொருள்களைத் தொகுத்துத் தருபவை) ஒவ்வொரு மென்பொருளையும் பேக்கேஜாகக் கட்டுவதற்கு வைத்திருக்கும் பாலிசி என்றதும் பேச்சு கோப்புகளை எந்த டைரக்டரியில் வைப்பது, லைசென்ஸ் விவரத்தை எப்படி எழுதுவது, பதிப்பு எண்ணை எப்படிப் போடுவது என்றே போகிறது. எல்லாம் தேவைதான். ஆனால் அப்ஸ்ட்ரீமில் இருந்து, அதாவது மென்பொருளை எழுதும் மூலக் குழுவிடமிருந்து, வரும் நிரலை டிஸ்ட்ரோவில் அந்தப் பேக்கேஜைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) போட்டு எந்த அளவுக்கு மாற்றலாம், மாற்றினால் யாரிடம் காட்ட வேண்டும் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கேதான் விதிகள் தளர்வாக இருக்கின்றன.

டெபியன் பாலிசியையே பாருங்கள். டெபியனுக்கு மட்டும் உரியதல்லாத மாற்றங்களை மூல ஆசிரியர்களுக்கு அனுப்பச் சொல்கிறது, ஆனால் பரிந்துரையாகத்தான். கட்டாய விதி ஒன்றை மீறினால் அந்தப் பிழை பேக்கேஜை அடுத்த வெளியீட்டில் சேரவிடாமலே தடுக்கலாம். பேட்சை அனுப்பாமல் விட்டால் அப்படி எதுவும் நடக்காது.

இதன் விலை என்ன என்பதை 2008 மே மாதம் பார்த்தோம். நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி காட்டிய எச்சரிக்கைகளை நிறுத்துவதற்காக, என்கிரிப்ஷன் சாவிகளை உருவாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெபியன் பேக்கேஜில் 2006இல் இரண்டு வரிகள் நீக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்று, ரேண்டம் எண் உருவாக்கத்துக்குள் சீரற்ற தரவைக் கலக்கும் வரி. அது போனதும் மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடும் புரோகிராமுக்குக் கணினி தரும் எண்) மட்டும்தான். ஒரு வகைக் கணினியில், ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு, உருவாகக்கூடிய சாவிகள் சுமார் 32,000 என்று சுருங்கிவிட்டன. யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் பாதிக்கப்பட்டது. உலகம் முழுக்க நிர்வாகிகள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சாவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

அந்த மெயின்டெய்னர் கேட்காமல் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்ஸ்ட்ரீம் ஆட்களிடம் விசாரித்தார், பிழை தேட உதவுமென்றால் நீக்கலாம் என்ற மாதிரி பதிலும் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், பொதுவாகக் கேட்டுக்கொள்வது போதாது. இந்த பேட்ச் இந்த வடிவத்திலேயே பயனர்களுக்குப் போகப்போகிறது என்று முழுசாகக் காட்ட வேண்டும்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் 2024 மார்ச்சில் மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்த பின்கதவு (ரகசிய நுழைவு வழி) வேறு கதை. அது திட்டமிட்ட சதி, குற்றம் பேக்கேஜ் செய்தவர்களுடையது அல்ல. ஆனால் அந்த நஞ்சு எஸ்எஸ்ஹெச் சர்வர் வரை போன வழியைப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வரைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூல நிரல் எக்ஸ்இசட்டின் லைப்ரரியைத் தொடுவதே இல்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்கு "நான் தயார்" என்று தெரிவிக்க டெபியன், ஃபெடோரா போன்ற டிஸ்ட்ரோக்கள் போட்ட பேட்ச்தான் அதன் லைப்ரரியான லிப்சிஸ்டம்டி-யை இழுத்தது, அது எக்ஸ்இசட்டை இழுத்தது. ஒரு சாக்கெட்டுக்கு (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) சின்னச் செய்தி அனுப்பும் வேலைக்கு இத்தனை லைப்ரரிகள். பிறகு அதே வசதியை ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எந்த லைப்ரரியும் இல்லாமல் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டது. இத்தனை வருடங்களாகப் பல டிஸ்ட்ரோக்கள் தனித்தனியாகச் சுமந்த பேட்ச் அது.

மெயின்டெய்னர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், இன்னொரு கட்டாயத்தை அவர்கள் தலையில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் அப்ஸ்ட்ரீம் பதில் தர வேண்டும், ஏற்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. சில புராஜெக்ட்களில் பதில் சொல்லவே ஆள் இருக்காது. ஏன் மாற்றினோம், எங்கே அனுப்பினோம், அனுப்பாவிட்டால் ஏன் என்று பேட்ச் கோப்பின் தொடக்க வரிகளில் எழுதினால் போதும். இந்த விவரங்களை எழுதுவதற்கான டெப்-3 என்ற வடிவம் டெபியனில் ஏற்கெனவே இருக்கிறது.

என்கிரிப்ஷன், லாகின், நெட்வொர்க் சர்வர் சார்ந்த பேக்கேஜ்களுக்காவது இந்த வரிகள் கட்டாயமாகட்டும். புதிய லைப்ரரி ஒன்றை உள்ளே இழுக்கும் பேட்ச் என்றால் இன்னொரு மெயின்டெய்னரும் படித்துக் கையெழுத்திடட்டும். வரிகள் காலியாக இருந்தால் பேக்கேஜ் உள்ளே வரக்கூடாது. லைசென்ஸ் விவரம் இல்லாத பேக்கேஜை இன்று திருப்பி அனுப்புகிறோமே, அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.