சிக்னேச்சர் கிட்டார் கேட்கும் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னிடம் எலக்ட்ரிக் கிட்டார் படிக்கும் பையன் ஒருவனுடைய அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். கொடுத்த காபி ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சார், பையன் ஒரு கிட்டார் கேக்கறானுங்க. ஜான் மேயர்னு ஒருத்தராமா, அவரு பேருல வர்றதாமா. ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும்கறான். சீட்டை எடுத்துரலாமான்னு பார்க்கறேன். வாங்கிக் குடுத்தா நல்லா வாசிச்சிருவானுங்களா?"

"சீட்டை எடுத்துராதீங்கண்ணா. ஒரு வாரம் பொறுங்க" என்றேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகளில் அப்பாக்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேர் பெற்ற கலைஞர் ஒருவரின் பெயரில், அவர் விருப்பப்படி கம்பெனி செய்து விற்பதைத்தான் சிக்னேச்சர் கிட்டார் என்பார்கள். பையன் கேட்டது, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜான் மேயர் பெயரில் பிஆர்எஸ் நிறுவனம் செய்யும் சில்வர் ஸ்கை. அமெரிக்காவில் மேரிலாண்டில் செய்கிறார்கள். 2018இல் வந்தபோது அங்கே அதன் விலை 2,299 டாலர். இங்கே வந்து இறங்குவதற்குள் வரியெல்லாம் ஏறி இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். 2022இல் அதே கிட்டாருக்கு எஸ்இ என்று ஒரு தம்பியை இந்தோனேசியாவில் செய்து 849 டாலருக்கு விட்டார்கள். அதே மேயர், அதே உருவம், அதே 25.5 அங்குலக் கம்பி நீளம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதே மூன்று பிக்கப். வித்தியாசம் இல்லாமல் இல்லை. பெரியதில் உடம்பு ஆல்டர் மரம், சின்னதில் பாப்லர். பெரியதில் கம்பியைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் ட்யூனர் (சுருதி முறுக்கும் திருகு) உண்டு, சின்னதில் சாதா ட்யூனர். ஃப்ரெட் என்ற உலோக மெட்டுகள் பதித்த விரல் பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவும் வேறு. பெரியதில் 7.25 அங்குல ஆரம், சின்னதில் 8.5. எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். கம்பியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, அதைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதி ஏற்றும் பெரிய பெண்ட் போடும்போது, வளைவு அதிகமான பலகையில் கம்பி மேல் ஃப்ரெட்டில் முட்டி ஒலி செத்துப்போகும். தட்டைப் பலகையில் அந்தத் தொல்லை குறைவு. ஆக, புதிதாகப் பெண்ட் பழகுகிற பையனின் விரலுக்கு விலை குறைந்ததுதான் இணக்கமானது!

ஒருநாள் மாலை இரண்டையும் ஒரே ஆம்பில், ஒரே கேபிளில் போட்டு வாசித்துப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் வாசிக்க, நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். சுத்தமான சத்தத்தில் வைத்தபோது ஏதோ ஒரு சன்னமான வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றியது. எது எது என்று சொல்லச் சொன்னபோது பாதிக்குப் பாதி தப்பாகச் சொன்னேன். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிரைவ் போட்டதும் அந்தச் சந்தேகம்கூட எழவில்லை. இருபது வருஷமாக இதே வேலையாக இருப்பவனின் காது இது.

ஏன் இப்படி? எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் வீணையைப்போலக் குடத்திலிருந்து வருவதில்லை. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். அதுதான் பிக்கப். அதன் மேலே இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் கேபிள் வழியாக ஆம்புக்குப் போய், ஸ்பீக்கர் காகிதத்தை ஆட்டினால்தான் நமக்குச் சத்தம். பிக்கப்பில் எத்தனை சுற்று, கம்பிகள் வந்து தாங்கி நிற்கும் பாலத்திலிருந்து (பிரிட்ஜ்) எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, கம்பிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, எந்த ஆம்ப், என்ன ஸ்பீக்கர், இவைதான் பெரிய காரணங்கள். நாஷ்வில் நகரத்துக் கிட்டார் கலைஞர் ஒருவர் இதைச் செய்தே காட்டினார். கிட்டாரின் உடம்பும் நெக்கும் (கழுத்துப் பகுதி) இல்லாமல், இரண்டு வேலை மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பை அதே இடத்தில் வைத்து வாசித்தார். தன்னுடைய விலையுயர்ந்த கிட்டாரின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது அது. மரத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிற பங்கு, ஆம்பில் கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை ஒரு விரற்கடை திருகினால் மறைந்துபோகும் அளவுதான்.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? அமெரிக்கத் தொழிலாளியின் கூலிக்குப் போகிறது, அது நியாயமான செலவு. பெயர் கொடுத்த கலைஞருக்குப் போகிறது, விளம்பரத்துக்குப் போகிறது. மிச்சம் கடைசிக் கைவேலைக்குப் போகிறது. நெக்கை வெட்டுகிற, கணினியில் ஓடும் சிஎன்சி இயந்திரம் மேரிலாண்டில் இருந்தாலும் இந்தோனேசியாவில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் வெட்டும். அதற்குப் பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து ஃப்ரெட் முனைகளை உருட்டி, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற சின்னக் கட்டையில் கம்பிக் காடிகளை அரத்தால் ஆழம் பார்த்து எடுக்கிற நேரம் இருக்கிறதே, அங்கேதான் விலை குறைந்த கிட்டாரில் கையைக் கட்டிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் படும் பாடு எல்லாம் அந்த விடுபட்ட ஒரு மணி நேரத்தால் வருவது.

பேர் பெற்ற கிட்டார்களின் கதையைப் பார்த்தாலும் இதே கதிதான். அமெரிக்க ராக் கலைஞர் எடி வான் ஹேலன் வாசித்த அந்தச் சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கோடு போட்ட கிட்டார் எப்படி வந்தது? கழித்துப் போட்ட உடம்பை 50 டாலருக்கும் நெக்கை 80 டாலருக்கும் வாங்கி, பழைய கிப்ஸன் ஒன்றிலிருந்து பிக்கப்பைப் பிடுங்கிப் பொருத்தி, சைக்கிள் பெயின்ட் அடித்தார். 2007இல் ஃபெண்டர் நிறுவனம் அதை அச்சு அசலாக நகலெடுத்து, 300 மட்டும் செய்து, ஒன்று 25,000 டாலர் என்று விற்றது. அவர் முட்டுக் கொடுத்து வைத்திருந்த 1971ஆம் வருஷத்துக் கால் டாலர் நாணயம் முதற்கொண்டு அதில் இருந்தது. 130 டாலர் சாமானில் பிறந்த சத்தம் அது. 25,000 கொடுத்தவர்களுக்கு நாணயம் கிடைத்தது, கை கிடைக்கவில்லை.

குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, நல்ல கிட்டார் வாங்க வீட்டில் வசதி இல்லை. 1963இல் அவரும் அவருடைய அப்பா ஹெரால்டும் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். நெக்குக்குப் பழைய கணப்படுப்பு ஒன்றின் சட்டத்து மரம். கைப்பிடியை ஆட்டிக் கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். குவீன் குழுவின் மேடைகளில் உலகம் முழுக்க ஒலித்தது அந்தக் கிட்டார்தான். லேத் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "வால்வு ஸ்பிரிங்குங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சிக்னேச்சர் மாடல் என்றால் வெறும் பெயர் வியாபாரம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. நல்ல சிக்னேச்சர் மாடல் என்பது ஒரு கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1988இல் ஃபெண்டர் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் ஸ்ட்ராடோகாஸ்டர் கொண்டுவந்தது. அவருக்கு ட்ரெமோலோ வேண்டாம், ஆகவே மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். சத்தம் தடித்து வர வேண்டும் என்றார், ஆகவே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், நடு ஒலிகளைத் தூக்கித் தரும் மிட் பூஸ்ட்டை உள்ளே வைத்தார்கள். இன்னொரு ஆங்கிலேயக் கலைஞர் ஜெஃப் பெக்குக்கோ ட்ரெமோலோதான் உயிர். அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் அவர் பாடினார் என்று சொல்லலாம். அவர் மாடலில் கம்பி சிக்காமல் ஓட உருளை வைத்த நட் வந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஒருவர் அடைத்து வைத்ததுதான் இன்னொருவருக்கு மூச்சு.

வேகத்துக்குப் பேர்போன ஸ்வீடன் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் மாடலில் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் நடுவே மரத்தைக் குடைந்தெடுத்திருப்பார்கள். வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தில் தட்டாமல் கம்பியை இழுத்துக் கமகம் எடுக்கிறோம் அல்லவா, அதே தர்க்கம். கிட்டாரில் தோடி வாசிக்க நினைப்பவருக்கு அது நிஜமாகவே உதவும். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு வாசித்துப் பாட்டுக்குத் துணை போகிற பையனுக்கு, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறி அபஸ்வரமாகிவிடும். அவனுக்கு அது காசு கொடுத்து வாங்கிய இடைஞ்சல்.

நான் அனுபவிக்காமல் சொல்லவில்லை. 2011இல் இரண்டு வருஷச் சேமிப்பைப் போட்டு ஒரு சிக்னேச்சர் கிட்டார் வாங்கினேன். யாருடையது என்று இங்கே வேண்டாம். அந்தக் கலைஞரின் கை பெரியது, அவருக்கேற்ற தடித்த நெக். எனக்குச் சுண்டுவிரல் குட்டை. அரைமணி வாசித்தால் மணிக்கட்டு வலிக்கும். வலியைக் கிட்டாரின் குற்றமாக நினைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இவ்வளவு விலை, இவ்வளவு பெரிய பெயர், கோளாறு என் கையில்தான் என்று மூன்று வருஷம் நம்பினேன். அந்த மூன்று வருஷம் நான் குறைவாகத்தான் வாசித்தேன். அதனால்தான் இணையத்தில் ஒருவர் "இதை வாங்கினால் வேறு கிட்டாரே வேண்டாம்" என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் சீட்டுப் பணம் இருக்கிறது.

விலை உயர்ந்த கிட்டார் ஜெயிக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் இரண்டு மணி நேரம் வாசித்தாலும் சுருதி நிற்கும். ஸ்விட்சும் சத்தம் கூட்டும் குமிழ்களும் பத்து வருஷம் கரகரக்காது. பெட்டியைத் திறந்ததும் வாசிக்கலாம். கச்சேரி வாசித்துப் பிழைக்கிறவருக்கு இது பெரிய விஷயம், அவர் தாராளமாக வாங்கட்டும். படிக்கிற பிள்ளைக்கு முப்பதாயிரம் ரூபாய்க்குள் யமஹா பசிஃபிகாவோ ஸ்கொயரோ போதும். மீதியில் நல்ல ஆம்ப் வாங்குங்கள். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த ஆம்பில் எந்தக் கிட்டாரை மாட்டினாலும் டப்பாச் சத்தம்தான் வரும்.

அடுத்த ஞாயிறு பையனும் அப்பாவும் அவன் இப்போது வாசிக்கும் பதினான்காயிரம் ரூபாய் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா சட்டைப்பையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் கொண்டுவந்திருந்தார். நான் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடிக்க, அவர் ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பார்த்தார். 0.6 மில்லி. 0.2 இருந்தால் போதும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும், உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கி அங்கே கொண்டுவந்தோம். மாசி, பங்குனி வெயிலில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு பையனின் விரலைக் கீறிக்கொண்டிருந்தன. அவர் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "பிசிறு எடுக்காம அனுப்பிருக்கானுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பலகையில் டேப் ஒட்டி, சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையாக உருட்டினார். நாற்பது நிமிஷம் தலை நிமிரவில்லை.

நட்தான் பெரிய வில்லங்கம். மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பார்த்தால் கம்பி கால் மில்லி உயரத்தில் நின்றது. ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அந்த உயரத்தில் எஃப் கார்டு பிடித்தால் கம்பி கீழே போகும்போதே இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். ஆறு மாதமாக அந்தப் பையன் தன் எஃப் கார்டு ஏன் அபஸ்வரமாக வருகிறது என்று அழாத குறையாகப் பழகிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆசிரியனாக இருந்தும் அதை நான் முன்னமே பார்க்காமல் விட்டது தப்பு. அவனிடமே சொல்லிவிட்டேன்.

காடிகளை ஆழப்படுத்தி, பென்சில் கரியைத் தேய்த்து, 600 ரூபாய்க்குப் புதுக் கம்பி போட்டு, பாலத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் சுருதி சரிபார்த்துக் கொடுத்தோம். எஃப் பிடித்தான். சுத்தமாக வந்தது. மறுபடி பிடித்தான். ஜி கம்பியை இழுத்து விட்டபோதுதான் நட்டில் 'டிங்' என்று சிக்கி, சுருதி இறங்கியே நின்றது. மலிவு பிளாஸ்டிக், உள்ளே பொள்ளல்.

அப்பா அதை விரலால் நெருடிப் பார்த்தார். "இதப் பித்தளையில செய்யலாமுங்களா சார்?"

"செய்யலாம்ணா. மால்ம்ஸ்டீன் மாடல்லயே பித்தளை நட்டுதான்."

பழைய நட்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். புதன்கிழமை பையன் கொண்டுவந்தான், கண்ணாடிபோல மெருகேற்றியிருந்தது. காடி மட்டும் நான் எடுத்தேன். ஜி கம்பிக்கு இன்னும் ஒரு இழை ஆழம் வேண்டும். இந்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.