ஜாவாஸ்கிரிப்டில் சார்ட் வைத்துக் கலைத்தால் சம வாய்ப்பு வராது

"அரேயைக் கலைக்க ஒரே வரி போதும்: சார்ட்டுக்குள் மேத்.ரேண்டமிலிருந்து 0.5-ஐக் கழித்துக் கொடுங்கள், எல்லா வரிசையும் சம வாய்ப்போடு வரும்" என்று ஒரு நண்பர் ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கு பகிர்ந்திருக்கிறார். (அரே என்றால் உறுப்புகளின் பட்டியல்; சார்ட் அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும்; மேத்.ரேண்டம் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தற்செயல் எண் தரும்.) கலையும், அதுவரை சரி. சம வாய்ப்பு என்பது தவறு.

மூன்றே உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 வரிசைகள். ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு வர வேண்டும். ஆனால் இந்த ஒப்பீடு ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி, நாணயம் சுண்டுவது போல. எத்தனை முறை நடந்தாலும் வாய்ப்புகள் 2, 4, 8, 16 என்றுதான் பெருகும். அவற்றில் எதையும் ஆறாகச் சமமாகப் பிரிக்க முடியாது. அப்புறம், முரணாக விடை சொல்லும் ஒப்பீட்டுக்கு என்ன வரிசை வரும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் விதிமுறை, நிரலை இயக்கும் எஞ்சினிடமே விட்டுவிடுகிறது. அதனால் எந்த வரிசை அதிகம் வரும் என்ற சாய்வு பிரவுசருக்குப் பிரவுசர் மாறலாம்.

ஃபிஷர்-யேட்ஸ் முறையைப் பயன்படுத்துங்கள். 1938-லேயே வந்த யோசனை, நிரலாக எழுதினால் நாலைந்து வரிதான். கடைசி இடத்தில் தொடங்கி, 0 முதல் அந்த இடம் வரை (அதையும் சேர்த்து; இடங்களை 0-இலிருந்து எண்ணுகிறோம்) தற்செயலாக ஒரு எண்ணை எடுத்து, அந்த எண்ணுள்ள இடத்தின் உறுப்பையும் இந்த இடத்தின் உறுப்பையும் இடம் மாற்றுங்கள்; பிறகு ஒரு இடம் முன்னே வந்து அதையே செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முழு அரேயிலிருந்து எண் எடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மூன்று உறுப்புகளுக்கு 3 × 3 × 3 = 27 வழிகள். அதுவும் ஆறால் வகுபடாது.

பரிசுக் குலுக்கலுக்கு என்றால் மேத்.ரேண்டமே வேண்டாம், யாரும் கணிக்க முடியாத எண்களைத் தரும் கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ் எடுங்கள்.