வெள்ளைக் கத்தரிக்காயும் பருத்திக்கொட்டையும்

தக்காளிக்குள் ஊசி குத்துகிற அந்தப் படம் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டது. கீழே, "சந்தைக்கு வருகிற காய்கறி எல்லாம் மரபணு மாற்றியது, உஷார்" என்று ஒரு வரி. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கிக் கேரளாவுக்கு லாரி ஏறுகிற காய்களுக்கும் மரபணு மாற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஹைபிரிட் தக்காளி வேறு, விதையில்லாத திராட்சை வேறு, இது வேறு. இந்தியாவில் விவசாயி சட்டப்படி வாங்கி விதைக்க முடிந்த மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்று. அது பருத்தி.

ஆனால் படம் அனுப்புகிறவர்களைக் கேலி செய்துவிட்டு, "இதில் பயப்பட ஒன்றுமே இல்லை" என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பயப்பட இடம் இருக்கிறது. நாம்தான் தப்பான இடத்தில் பயந்துகொண்டிருக்கிறோம்.

என் சித்தப்பா ஆலங்குளம் பக்கம் கத்தரி போடுகிறார். கத்தரிக்குப் பெரிய எதிரி தண்டையும் காயையும் துளைக்கிற புழு. காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. போவதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்று விடாமல் மருந்து அடிக்கிறார்கள். பறிப்புக்கு முந்தின நாள் அடிப்பதும் நடக்கிறது, தெரியாதது மாதிரி நாம் வாங்கிச் சாப்பிடுகிறோம். வீட்டுக்கென்று நாலு செடியை மருந்தில்லாமல் தனியே விடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

இந்த இடத்தில்தான் பி.டி. வருகிறது. மண்ணில் தானாக வாழும் ஒரு பாக்டீரியா அது. இயற்கை விவசாயம் செய்கிறவர்களே அதை வாங்கித் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார்கள். அதன் ஒரு மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால், புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும். "புழு சாகும்னா மனுஷன் சாக மாட்டானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கேதான் அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் அதற்கென்று உள்ள இடத்தில் ஒட்டி ஓட்டை போடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அப்படி ஒட்டுகிற இடமும் நம் குடலில் இல்லை. 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. சந்தையில் இருக்கிற மரபணு மாற்று உணவு மற்ற உணவைவிட உடம்புக்குக் கூடுதல் ஆபத்து என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். அதே அறிக்கை, இந்தப் பயிர்கள் வந்ததால் அமெரிக்காவின் விளைச்சல் முன்பைவிட வேகமாக ஏறியதற்கும் சான்று இல்லை என்றது. ஆதரிக்கிறவர் முதல் பாதியைப் பகிர்வார், எதிர்க்கிறவர் இரண்டாம் பாதியைப் பகிர்வார்.

சித்தப்பா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது கெடக்கட்டும்ல. வெதைய நான் எடுத்து வச்சுக்கிடலாமா? அதச் சொல்லு மொதல்ல."

என்னைப் பொறுத்தவரை முழு விவாதமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பருத்தியைப் பாருங்கள். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆரம்பத்தில் மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் ஏறியது. அதை மறுப்பது அழும்பு. ஆனால் அது வந்ததெல்லாம் ஹைபிரிட் விதையாக. எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் ஒழுங்காக வராது, வருஷா வருஷம் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். கோவில்பட்டிக் கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி போட்ட காலத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. இன்றைக்கு நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி.தான்.

அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. முதல் தலைமுறை பி.டி. அதனிடம் தோற்றுவிட்டதாக 2010இல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது. இரண்டு மரபணு வைத்த அடுத்த தலைமுறையும் சில வருடங்களில் அதே கதி. இப்படி ஆகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதற்காகத்தான் 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரண விதையையும் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். வயலோரத்தில் அதை நட்டால் பழகாத புழுக்களும் கொஞ்சம் பிழைத்திருக்கும், பழகிய புழுவோடு இணைசேரும், எதிர்ப்புத் தன்மை மெதுவாகத்தான் பரவும். பெரும்பாலானவர்கள் நடவில்லை. ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவனிடம் போய் நாலு வரிசையைப் புழுவுக்கு விடு என்றால் எப்படி விடுவான்? விற்றவர்களும் சரியாக விளக்கவில்லை, அரசும் வந்து பார்க்கவில்லை.

இப்போது கத்தரிக்கு வாருங்கள். பி.டி. கத்தரிக்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2009 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். (ஏழில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை.) அந்தத் தடை இன்னும் இருக்கிறது. அப்போது தனியார் விதைக் கம்பெனியின் ஹைபிரிட்டுகள் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் நான்கு ரகங்களில் அந்த மரபணுவை ஏற்றியிருந்தது. அதில் ஒன்று நம்ம கிள்ளிகுளம் 1. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி தந்த, முட்டை வடிவ வெள்ளைக் கத்தரிதான் அது. ஹைபிரிட் இல்லை. விதை எடுத்து வைக்கலாம். வங்காளதேசம் இதே மாதிரி அரசு நிறுவனத்தின் ரகங்களை 2013இல் அனுமதித்தது. அங்கே விவசாயிகள் விதையைச் சேமிக்கலாம்.

ஆக, வருஷா வருஷம் பாக்கெட் வாங்க வைக்கிற பயிரை உள்ளே விட்டோம். விதையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய பயிரை, கம்பெனிக்காரன் பயிரோடு சேர்த்து வாசலிலேயே மறித்தோம். கத்தரி பிறந்த மண் இது, காட்டுக் கத்தரிகளுக்கு மரபணு பரவலாம் என்ற எதிர்ப்பாளர்களின் கவலையை நான் தள்ளவில்லை. அதைச் சோதிக்க நேரம் வேண்டும் என்றால் சரி. பதினைந்து வருஷத்துக்கு மேலாக முடிவே எடுக்காமல் வைத்திருப்பது சோதனை இல்லை.

அரசு விதை என்றாலே சுத்தம் என்றும் சொல்ல வரவில்லை. 2009இல் பொதுத்துறை கொண்டுவந்த பிகானேரி நர்மா பி.டி. பருத்தியில் மான்சான்டோ என்ற அமெரிக்க விதைக் கம்பெனியின் மரபணுவே இருந்தது தெரிந்து, மானம் போய் நிறுத்தினார்கள். எல்லாப் பூச்சிக்கும் மரபணுதான் பதில் என்பதும் இல்லை. பப்பாளியை வெள்ளையாக மூடிய மாவுப்பூச்சியை அடக்கியது 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி.

தட்டைப் பற்றியும் ஒன்று. பி.டி. கத்தரி வேண்டாம் என்ற நாடு, பருத்திக்கொட்டை எண்ணெயையும், அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெயையும் சாப்பிடுகிறது. அங்கே விளையும் சோயா பெரும்பாலும் மரபணு மாற்றியது. 2021இல் கோழித்தீவனத்துக்கென்று 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் பிண்ணாக்கை அரசே இறக்குமதி செய்ய விட்டது. நாட்டுக் கொட்டை என்று தேடி வாங்காவிட்டால், பருத்திப்பாலுக்கு ஊறப்போடுகிற கொட்டையும் அநேகமாக பி.டி.தான். குடித்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன், நானும் குடிக்கிறேன். ஆனால் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் எழுதிவிட்டு விற்பதில் என்ன கஷ்டம்?

அடுத்தது நெல். 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு ரகங்களை அறிவித்தார்கள். அதில் 'கமலா' என்பது, நாம் ஆந்திரா பொன்னி என்று பொங்கிச் சாப்பிடுகிற பி.பி.டி. 5204இலிருந்து வந்தது. வெளி உயிரின் மரபணு எதுவும் இல்லை, இருப்பதிலேயே ஒரு திருத்தம். அதனால் பழைய கடுமையான விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு. சுமார் 20 நாள் முன்னதாக அறுப்புக்கு வரும் என்கிறார்கள். பிசானப் பருவக் கடைசியில் பாபநாசம் அணையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கடைமடைக்காரனுக்கு அந்த 20 நாள் பெரிய விஷயம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அம்பை 16க்குப் பக்கத்திலேயே நட்டு, விவசாயிகளைக் கூப்பிட்டுக் காட்டட்டும். திருத்தும் தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம், விதை என்ன விலை, எடுத்து வைக்கலாமா கூடாதா என்பதைத் தமிழில் எழுதி வரப்பில் பலகை வைக்கட்டும். அதுவரை நான் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

மானூர், சங்கரன்கோவில் பக்கம் பருத்தி போடுகிற அண்ணாச்சிமார் யாராவது அந்த 120 கிராம் பொட்டலத்தை நட்டிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கடையில் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து.