கார்ட்டா காசா என்று கேட்க முதல்

சாமானைத் தெரிந்து, விலை பேசி, கார்ட்டை நீட்டும் நேரத்தில்தான் கடைக்காரர் வாய் திறப்பார்: "கார்ட் என்றால் 3 வீதம் கூட வரும்." 90,000 ரூபாய் குளிர்சாதனப் பெட்டிக்கு அது 2,700 ரூபாய். பலர் ஒன்றும் கேட்காமல் கட்டிவிடுகிறார்கள், அரசாங்க வரி என்று நினைத்து. அது வரி இல்லை. கார்ட் மெஷினைக் கொடுத்த வங்கி ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கடையிடமிருந்து ஒரு பங்கை எடுக்கிறது. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்பது கடைக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இலங்கை மத்திய வங்கியும் இதைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. கேட்டுப் பார்த்தும் குறைக்காவிட்டால் பில்லையும் மெஷின் துண்டையும் பத்திரமாக வையுங்கள். எந்த வங்கியின் மெஷின் என்பது துண்டின் தலைப்பில் இருக்கும். முறைப்பாடு முதலில் அந்த வங்கிக்கு. சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

சரி, கடைக்காரர் கெட்டிக்காரர். அடுத்த தடவை "இது காசு விலை, அது கார்ட் விலை" என்று இரண்டு விலை சொல்வார். அப்போது நாம் செய்ய வேண்டியது கணக்குத்தான், சண்டை இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு குடும்பம் கார்ட் பாவிப்பதா காசு பாவிப்பதா என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் காசு எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதே முதல் கேள்வி. சம்பளம் வந்து விழும் கணக்கின் டெபிட் கார்ட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அதையே சூப்பர் மார்க்கெட்டிலும், பெற்றோல் செட்டிலும், பேஸ்புக்கில் சட்டை விற்கும் பக்கத்திலும் நீட்டுவதுதான் பெரிய பிழை. அந்த ஒரு கார்ட் களவு போனால், அல்லது அதன் இலக்கம் கசிந்தால், வீட்டு வாடகையும் பிள்ளையின் வகுப்புக் காசும் சேர்ந்தே போகும்.

ஆகவே வீட்டுச் செலவுக்கென்று இரண்டாவது கணக்கு. அதுவும் முடிந்தால் வேறு வங்கியில். ஒரே வங்கியில் திறந்தால் மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஆப்பில், ஒரே கடவுச்சொல்லுக்குள் இரண்டு கணக்கும் தெரியும். பூட்டு ஒன்று, அலுமாரி இரண்டு என்ற கதை. வேறு வங்கிக்கு உடனடியாக மாற்ற 25, 30 ரூபாயளவில் போகும். மாதத்துக்கு ஒரு தடவை அதைக் கொடுப்பதில் நட்டமில்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும், யாராவது ஒருவர் கையொப்பம் போதும் என்ற நிபந்தனையோடு திறந்தால் ஆளுக்கொரு கார்ட் எடுக்கலாம். சம்பளம் 25ஆம் திகதி வந்தால் 26ஆம் திகதிக்கு நிலையான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மாதச் செலவுத் தொகை தானாக இங்கே வரும். கார்ட் கைக்கு வந்த அன்றே மூன்று வேலை: எஸ்எம்எஸ் அறிவித்தலை ஒரு ரூபாய்க்கும் வருகிறமாதிரிப் போடுங்கள், வெளிநாட்டுப் பாவனையை நிறுத்துங்கள், நாளாந்த எல்லையை உங்கள் ஒரு நாள் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஆப்பில் அந்த வசதி இல்லாவிட்டால் வங்கிக்கு அழைத்துச் சொன்னால் செய்து தருவார்கள். கியூஆர் ஆப்பையும் இந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். சம்பளக் கணக்கின் கார்ட் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.

இனி கடனட்டை. இதை வெறுப்பவர்களும் சரி, கொண்டாடுபவர்களும் சரி, வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. மார்ச் 5ஆம் திகதி 40,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 1இல் ஸ்டேட்மென்ட் வருகிறது, 22ஆம் திகதி கடைசி நாள். வட்டி வருடத்துக்கு 26 வீதம் என்று வைப்போம். முழுவதையும் 22க்குள் கட்டினால் வட்டி ஒரு சதமும் இல்லை. 48 நாள் வங்கியின் காசில் வாழ்ந்தீர்கள். கை கொஞ்சம் இறுக்கம் என்று 37,000 கட்டி 3,000 மிச்சம் விட்டால்? அந்த 3,000க்குத்தானே வட்டி என்று நினைப்போம். இல்லை. அநேக வங்கிகளில் முழுத் தொகைக்கும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 40,000க்கு 48 நாள் வட்டி 1,368 ரூபாய். 3,000 ரூபாயை மிச்சம் விட்டதற்கு ஏறக்குறைய அதன் பாதி வட்டி! குறைந்தபட்சத் தொகை என்று 5 வீதம், அதாவது 2,000 மட்டும் கட்டினால் மே 1ஆம் திகதி ஸ்டேட்மென்டில் 1,600 ரூபாய்க்கு மேல் வட்டியாக ஏறியிருக்கும். கடன் 400 ரூபாய்கூடக் குறைந்திருக்காது. இதற்கு மேல், மிச்சம் இருக்கும்வரை புதிதாக வாங்கும் பாணுக்கும் பால்மாவுக்கும் அன்றிலிருந்தே வட்டி. அந்த 48 நாள் சலுகை போய்விடும். ஏடிஎம்மில் கடனட்டையால் காசு எடுத்தால் கட்டணம் தனி, வட்டி அந்த நிமிடத்திலிருந்து.

ஆகவே கடனட்டை வைத்திருப்பவர் முழுத் தொகையையும் தானாக வெட்டும் கட்டளையைக் கொடுத்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் 'குறைந்தபட்சம்' என்ற பெட்டிக்கும் 'முழுத் தொகை' என்ற பெட்டிக்கும் இடையில் ஒரு அங்குலந்தான் இருக்கும். எதில் அடையாளம் போட்டீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள்.

வார இறுதியில் சூப்பர் மார்க்கெட்டில் இந்த வங்கிக் கார்ட்டுக்கு மரக்கறி, பழம், மீனுக்கு 20, 25 வீதக் கழிவு என்று வரும் விளம்பரங்கள் பொய்யில்லை. ஆனால் சிறிய எழுத்தில் மூன்று விடயம் இருக்கும்: குறைந்தபட்ச பில் தொகை, கழிவின் உச்ச எல்லை, எந்தப் பொருட்களுக்கு என்பது. குறைந்தபட்சத்தைத் தொடுவதற்காகத் தேவையில்லாத பிஸ்கட்டைக் கூடையில் போட்டால் கழிவு அங்கேயே கரைந்தது. அதோடு, அதே போஞ்சியும் கரட்டும் வெள்ளவத்தைச் சந்தையில் என்ன விலை என்று தெரியாமல் 25 வீதத்தைக் கொண்டாட முடியாது. மீனுக்கு மட்டும் என்றால் இந்தக் கழிவு உண்மையில் பிரயோசனமானது, ஏனென்றால் நல்ல மீன் சந்தையிலும் மலிவில்லை.

ஒழுங்கைக் கடைக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ ஒரு சில்லறைக் கடையில் 700 ரூபாய்க்குச் சீனியும் பருப்பும் வாங்கிவிட்டுக் கார்ட்டை நீட்டுவது நியாயமில்லை. சீனியில் அவருக்கு நிற்கும் இலாபம் சொற்பம். கார்ட் கட்டணம் அதைத் தின்றுவிடும். லங்கா கியூஆர், அதாவது வங்கிகளுக்குப் பொதுவான கியூஆர் கட்டண முறை, இருக்கும் கடையில் அதைப் பாவியுங்கள். கடைக்கு வரும் கட்டணம் கார்ட்டைவிட மிகக் குறைவு. இதில் பிழை நடக்கும் இடங்கள் நான்கு. ஒட்டி வைத்த ஸ்டிக்கர் என்றால் தொகையை நாமே அடிக்க வேண்டும், 700க்குப் பதில் 7,000 போவது அப்படித்தான். ஸ்கேன் பண்ணியதும் திரையில் வரும் கடைப் பெயர் பெயர்ப்பலகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காவிட்டால், மேலே வேறொருவர் ஒட்டிய ஸ்டிக்கருக்குக் காசு போகும். சிக்னல் இல்லாத நேரம் 'செயற்படுத்தப்படுகிறது' என்று திரை நின்றுவிட்டால் இரண்டாம் தடவை அழுத்தாதீர்கள். முதலில் கணக்கு மீதியைப் பாருங்கள், வெட்டியிருந்தால் ஆப்பில் உள்ள கொடுக்கல் வாங்கல் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். நான்காவது கடைக்காரருக்கான ஆபத்து: வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பக்கூடாது, தன் போனுக்கு எஸ்எம்எஸ் வந்ததா என்பதே சாட்சி. அவர் அரை நிமிடம் நம்மை நிற்க வைத்தால் கோபிக்க ஒன்றுமில்லை.

சில கடைகளில் கியூஆர் இருக்காது, கடதாசியில் ஒரு கணக்கு இலக்கம் எழுதி ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். அது சாதாரண வங்கி மாற்றல், கட்டணம் நமக்கு. ஒரு இலக்கம் பிசகி வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டால் அவர் சம்மதமில்லாமல் வங்கியால் திருப்பி எடுப்பது கடினம். பெரிய தொகை என்றால், உதாரணமாக வீட்டு முற்பணம், முதலில் 100 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள். அந்த 30 ரூபாய் கட்டணத்தைக் காப்புறுதி என்று எழுதிக்கொள்ளலாம்.

கார்ட்டுக்கு என்று ஒரு பெரிய பலம் இருக்கிறது. விமானச் சீட்டு, ஹோட்டல் முற்பதிவு, சாமான் வர முதலே காசு கேட்கும் ஒன்லைன் கடை ஆகியவற்றில் பொருள் வராவிட்டால் கார்ட் வழங்கிய வங்கியிடம் ஆட்சேபிக்கலாம். காசுக்கும் வங்கி மாற்றலுக்கும் அந்த வழி இல்லை. பேஸ்புக் பக்கங்களில் வாங்குபவர்கள் 'பொதி வந்ததும் காசு' என்பதைப் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். கூரியர்காரர் பெரும்பாலும் காசு வாங்காமல் பொதியைத் திறக்க விடமாட்டார். பொதி வந்தது என்பதற்குத்தான் அது உத்தரவாதம், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு இல்லை.

ஓடிபி, அதாவது கட்டணத்தை உறுதிப்படுத்த போனுக்கு வரும் ஒருதர இலக்கம், பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஒன்று மட்டும். அந்த எஸ்எம்எஸ்ஸில் இலக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், தொகையையும் எங்கே போகிறது என்பதையும் வாசியுங்கள். 'உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்ற மோசடியில் மாட்டுபவர்கள் சிறு தொகை என்று நினைத்து அடிக்கும் ஓடிபி உண்மையில் பெரிய தொகைக்கு வந்ததாக இருக்கும். எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கும்.

கரண்ட் பில், தண்ணீர் பில், இன்டர்நெட்டுக்கு வரிசையில் நிற்கத் தேவையே இல்லை. கணக்கு இலக்கத்தை வங்கி ஆப்பில் ஒருதரம் சரியாகப் பதிந்து, பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அரசாங்கக் கட்டணங்களுக்கும் 2025 பெப்ரவரியிலிருந்து கோவ்பே என்ற ஒன்லைன் முறை இருக்கிறது.

காசு தேவைப்படும் இடங்கள் குறையவில்லை. அநேக பஸ்களில், ஓட்டோவில், சந்தையில், மீன்காரரிடம், வீட்டு வேலைக்கு வருபவருக்கு, கோயில் தட்டில் காசுதான். ஆப் மூலம் ஓட்டோ பிடித்து கார்ட் என்று போட்டால் சில சாரதிகள் அழைத்து "காசா கார்ட்டா" என்று கேட்டுவிட்டு வராமலே விடுவார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பெற்றோலுக்கு இன்றைக்கே காசு வேண்டும், கார்ட் காசு பிந்தி வரும்.

ஏடிஎம்மில் 5,000 என்று அடித்தால் ஒரே நோட்டாக வரும். அதைக் காலையில் பஸ் கொண்டக்டரிடம் நீட்டிப் பாருங்கள் என்ன சொல்கிறார் என்று. 4,500 என்று அடித்தால் ஆயிரமும் ஐந்நூறுமாக வரும். சொந்த வங்கி ஏடிஎம் என்றால் இரண்டு தடவை அப்படி எடுக்கலாம். வேறு வங்கி ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம், மீதி பார்ப்பதற்குக்கூட. கையில் வரும் பெரிய நோட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள்: முகப்பில் உள்ள பறவையே நீர்க்குறியாகவும் தெரிய வேண்டும். பேனையால் எழுதிய, வேண்டுமென்று சிதைத்த நோட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அப்படியானவற்றை மாற்ற மத்திய வங்கி கொடுத்த கால அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது.

வீட்டில் ஒரு டப்பாவில் அவசரக் காசு இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உப நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. கரண்ட் போனால் மெஷின் போகும், ஏடிஎம் போகும், கொஞ்ச நேரத்தில் போன் கோபுரத்தின் பற்றரியும் போகும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 14,000 ரூபாயளவு போதும்: ஆயிரம் ஐந்து, ஐந்நூறு பத்து, நூறு முப்பது, ஐம்பது பதினைந்து, இருபது பதினைந்து. ஐயாயிரம் ரூபாய் நோட்டாக மட்டும் வைத்திருந்தால் இருட்டில் மெழுகுதிரி விற்பவரிடம் மிச்சக் காசு இருக்காது.