சொல்லிவிட்டு மூடுங்கள்!

140 சென்டிமீட்டர். இனி இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சமையலறை நிலையில் அந்த உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் என் மகள் போட்டது. ரோலர் கோஸ்டர் வாசலில் ஒரு பொம்மை கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கைக்குக் கீழே தலை போனால் ஏற்ற மாட்டார்களே, அந்தக் கோடு. மூன்று கோடை விடுமுறை அந்தப் பொம்மையிடம் போய் நின்று, மூன்று தடவையும் அழாமல் திரும்பி வந்தாள். மாதம் ஒரு முறை நிலையில் முதுகை ஒட்டி நிற்பாள், நான் தலையில் அடிஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். சித்திரையில் கோட்டைத் தொட்டுவிட்டாள். அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வெயிலில் ஒன்றரை மணி நேரம் காரில். நான், மனைவி, மகள், அக்கா பையன். நாலு பேருக்கு டிக்கெட், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குப் பக்கம். பணம் போகட்டும். கவுன்டரில் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் நான் வாயைத் திறந்து கேட்டேன். அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்புறம் எல்லாரும் என்னிடம் "நீங்க முன்னாடியே கேட்டிருக்கணும் சார்" என்று சொன்னார்கள். கேட்டேன்!

"ரோலர் கோஸ்டர் ஓடுதாங்க?"

"எல்லா ரைடும் ஓடுது சார். எத்தனை பேர்?"

கையில் பட்டையைக் கட்டினார்கள். மகள் வேறு எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஓடினாள். அங்கே போனால் வாசலில் ஒரு நைலான் கயிறு. கயிற்றில் ஒரு அட்டை. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' பக்கத்தில் அந்தப் பொம்மை, கையை நீட்டிக்கொண்டு. மகள் போய் அதன் கைக்குக் கீழே நின்றாள். தலை இடித்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, பாருங்க, பாஸ்!"

சீருடை போட்ட ஒரு தம்பி வந்தார். எப்ப முடியும் என்று கேட்டேன். "மத்தியானம் வந்து பாருங்க சார்." சரி என்று தண்ணீர் விளையாட்டுப் பக்கம் போனோம். மகள் பாதத்தைக்கூட நனைக்கவில்லை. தலை ஈரமாக இருந்தால் ஏற்ற மாட்டார்களோ என்று அவளுக்குப் பயம். மத்தியானம் போனோம். வேறொரு தம்பி. "மூணு மணிக்கு ட்ரையல் ஓட்டுவாங்க சார், ஓடிச்சுன்னா விட்டுருவாங்க." மூன்று மணிக்குப் போனோம். யாருமே இல்லை. நாலு மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு மேற்பார்வையாளர் வந்தார். "ஸ்பேர் வரணும் சார். அடுத்த வாரம் கண்டிப்பா ஓடும்." முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார். கண்டிப்பா என்று சொன்னார்.

அப்புறம்தான் கழிப்பறைப் பக்கம் போனோம். அங்கே தகரத் தடுப்பு ஒன்று. அதில் ஒரு இடுக்கு. அக்கா பையன் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க வாங்க" என்றான்.

கோஸ்டர் அங்கேதான் கிடந்தது. தண்டவாளத்தைக் கேஸ் கட்டரால் ஆள் உயரத் துண்டுகளாக அறுத்து விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள். அறுத்த வாயெல்லாம் துரு. துண்டுகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்து, காய்ந்தும் போயிருந்தது. முன்பெட்டி, புலிமுகம் போட்ட அந்த மஞ்சள் பெட்டி, ஒருக்களித்துக் கிடந்தது. சீட்டுக்குள் ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மாதான் உண்மையைச் சொன்னார். "இதுவா? தீபாவளிக்கு முன்னாடியே பிரிச்சுட்டாங்களேப்பா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

தீபாவளிக்கு முன்னாடி! இது வைகாசி! ஏழு மாதமாகப் பிரித்துக் கிடக்கிற ஒன்றுக்கு மூன்று மணிக்கு ட்ரையலாம். அடுத்த வாரம் ஸ்பேராம். அந்த இடம் முழுவதும் வேலை பார்க்கிறவர்களில் எங்களிடம் உண்மை பேசியது துடைப்பம் பிடித்த ஒரே ஒரு அம்மா.

இதை எழுதும்போதே சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஒரு ராட்டினத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஆமாம், ஒரு ராட்டினத்துக்குத்தான். என்னை அதில் முதலில் ஏற்றியது என் தாய்மாமா. நான் ஆறாம் வகுப்பு. செயின் பெட்டியை மேலே இழுக்கும்போது கட கட கட என்று ஒரு சத்தம் வருமே, நான் பயந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். "சத்தம் வர்ற வரைக்கும் பயப்படாதடா. பெட்டி பின்னாடி வழுக்காம ஒவ்வொரு பல்லிலயும் ஒரு இரும்பு நாக்கு விழுந்து புடிக்குது. அதான் அந்தச் சத்தம்" என்றார். லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம் என்றால் மாமா குரல்தான். அவர் இப்போது இல்லை. அவர் சொன்னதை அந்தச் சத்தத்துக்கு நடுவே என் மகளிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தேன். போதுமா காரணம்?

மூட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இரும்புக்கும் வயது உண்டு. பற்றவைத்த இடத்தில் விரிசல் கண்டால், பாகம் கிடைக்காவிட்டால், அன்றைக்கே நிறுத்துவதுதான் சரி. பிள்ளைகள் ஏறுகிற விஷயம். ஓட்டுவதைவிட நிறுத்துவதற்குத்தான் அதிகப் பொறுப்பு வேண்டும். ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு பலகை, ஒரு தேதி. 'இத்தனாம் தேதியோடு நிறுத்துகிறோம், இத்தனை வருடம் ஏறியவர்களுக்கு நன்றி.' இதற்கு என்ன செலவாகும்? நான் ஓடி வந்திருப்பேன். என்னை மாதிரி நூறு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் தடவையும் டிக்கெட் எடுத்திருப்பார்கள். வியாபாரமாகப் பார்த்தாலும் லாபம்தானே!

தீவுத்திடல் பொருட்காட்சி, ஊர்த் திருவிழா ராட்டினக்காரர்களைப் பாருங்கள். கடைசி நாளுக்கு முன்னாலேயே மைக்கில் கத்துவார்கள்: "இன்னும் மூன்றே நாட்கள்! மூன்றே நாட்கள்!" லாரியில் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற மனிதருக்கு அந்த மரியாதை தெரிகிறது. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

டெல்லியில் அப்பு கர் என்று ஒன்று இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக்குட்டி அப்பு பெயரில், 1984இல் பிரகதி மைதானத்தில் திறந்தார்கள். வட இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே முதல் ராட்டினம் அதுதான். 2008 பிப்ரவரியில் மூடினார்கள். அந்த நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்குப் போனது. கோபம் வருகிற கதைதான், ஆனால் மூடப் போகிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

டோக்கியோவில் தோஷிமாயென். 1926இல் தொடங்கிய பூங்கா. 2020 ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்று அந்த ஜூன் மாதமே சொல்லிவிட்டார்கள். கொரோனா காலம், முகக்கவசம், கட்டுப்பாடு எல்லாம் இருந்தும் ஜனங்கள் வந்து விடைபெற்றுவிட்டுப் போனார்கள். அங்கே எல் டொராடோ என்று ஒரு குதிரை ராட்டினம், 1907இல் ஜெர்மனியில் செய்த மர வேலை. அமெரிக்காவில் கோனி தீவில் பல வருடம் சுற்றிவிட்டு, அப்புறம் ஜப்பானுக்கு வந்து 1971இலிருந்து அங்கே சுற்றியது. அதைக் கேஸ் கட்டரால் அறுக்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு குதிரையையும்!

ஃப்ளோரிடா டிஸ்னியில் ஸ்பிளாஷ் மவுன்டன் என்ற தண்ணீர்ச் சறுக்கு ரைடை 2023 ஜனவரி 22ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். தேதியை முன்கூட்டியே சொன்னதால் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அந்த ரைடின் தண்ணீர் என்று பாட்டிலில் அடைத்து இணையத்தில் விற்கிற அளவுக்குப் போனது. படித்தபோது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. தகர இடுக்குக்குள் கை நுழைந்திருந்தால், அந்தத் தண்டவாளத்தில் ஒரு நட்டையாவது நான் எடுத்து வந்திருப்பேன்.

வெளிநாட்டுக்காரன் எல்லாம் ஒழுங்கு என்றும் நான் சொல்ல வரவில்லை. நியூஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் கிங்டா கா. 2005இல் திறந்தது. 456 அடி உயரம், நம்ம எல்ஐசி கட்டடத்தைப் போல இரண்டரை மடங்கு. நின்ற இடத்திலிருந்து மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர். ஓடிய காலத்தில் உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டர் அதுதான். 2024 நவம்பர் 10 வழக்கமான ஒரு நாளாக ஓடியது. நான்கு நாள் கழித்து, 14ஆம் தேதி, இனி அது ஓடாது என்று அறிவித்தார்கள். கடைசியாக ஏறியவர்களுக்கு அது கடைசி என்றே தெரியாது! உலகம் பூராவும் ரசிகர்கள் கொதித்தார்கள். 2025 பிப்ரவரி 28 காலையில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். அந்தக் காணொளியை நான் பார்த்தேன். அன்றைக்கே நெஞ்சு பதைத்தது. ஆனால் அவர்கள்கூட, நான்கு நாள் கழித்தாவது, ஓடாது என்று வாயைத் திறந்து சொன்னார்கள். ஏழு மாதம் கழித்து "அடுத்த வாரம் கண்டிப்பா" என்று ஒரு குழந்தையை வெயிலில் நாலு தடவை நடக்க விடவில்லை.

சரி, கவுன்டருக்குத் திரும்பிப் போனேன். காலையில் இருந்த அதே பெண். "கேட்டுத்தானேம்மா டிக்கெட் எடுத்தேன்?" என்றேன். "டிக்கெட் பின்னாடி போட்டிருக்கு பாருங்க சார்." எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், எந்த ரைடையும் முன்னறிவிப்பின்றி நிறுத்த நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. டிக்கெட்டைத் திருப்பினேன். முன்பக்கத்தில் என்ன படம் தெரியுமா? அந்த மஞ்சள் புலிமுகப் பெட்டிதான். கையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் அலறிச் சிரிக்கிற படம். வாசல் பேனரிலும் அதே. அறுத்துப் போட்டதைக் காட்டி இன்னும் டிக்கெட் விற்கிறார்கள்! அந்தப் பெண்ணைத் திட்டவும் மனசு வரவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள், மேலே இருக்கிறவர்கள் என்ன சொல்லச் சொன்னார்களோ அதைச் சொல்கிறாள். மேலே இருக்கிறவர் யார், எங்கே, எந்த ஏசி அறையில் என்று கேட்டால் பதில் இல்லை. புகார்ப் புத்தகம் கேட்டேன். எடுத்துக்கொண்டு வர இருபது நிமிடம். பேனா இல்லை.

மனைவி பையிலிருந்து பேனாவைத் தந்தாள். மூன்று பக்கம் எழுதினேன். மகள் பக்கத்தில் நின்று எட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். "அப்பா, பூனைக்குட்டியை எழுதாதீங்க. தூக்கிப் போட்டுருவாங்க" என்றாள். அதை மட்டும் எழுதவில்லை.

இதற்கு மேல் கோபப்பட என்னிடம் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன். ஆனால் இன்னொன்று இருக்கிறதே! காலையில் நுழையும்போது வெளிச் சாப்பாடு கூடாது என்று பையைச் சோதித்து, என் அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே ஒரு தட்டு ஃபிரைடு ரைஸ் 280 ரூபாய், பாதி வெந்தும் வேகாமலும். வாங்கித் தின்றோம். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துத் தூக்கை வாங்கினேன். இலேசாக இருந்தது. திறந்தால் காலி. நாலு பேருக்கான புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தனியாகப் பொட்டலம் கட்டிய வடகம், எல்லாம் போச்சு. தூக்கைக் கழுவி வேறு வைத்திருந்தார்கள். யார் சாப்பிட்டது என்று கேட்டால், ஷிஃப்ட் மாறிவிட்டதாம்.

மகள் தூக்குக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அக்கா பையன், அப்புறம் மனைவி. கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது செங்கல்பட்டு தாண்டியபிறகுதான். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "புளியோதரை எப்படிடா இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சும்மா என்றேன். சாப்பிட்டவர் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லையே.